கொம்பனித்தெருப் பலகை

பவர் செட் ரயில் திரும்பவும் தண்டவாளத்தை விட்டு இறங்கியது. இறங்கிய இடம், திரும்பவும், பர்ஹாவின் பலகை.

ஒஸ்வால்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவருக்கே தெரியும். அதனால் இன்னொரு தரமும் துடைத்தார்.

நாளைக்குக் கண்காட்சி. வெள்ளவத்தை மண்டபத்தில் நீளமாக மேசை போட்டுக் கரையோர ரயில் பாதையைப் பொம்மை அளவில் பரப்பியிருந்தார்கள். நீல நிறப் புதுப் பவர் செட், கடலைப் பார்த்த மாடிக் கட்டடங்கள், சாப்பாடு கொண்டுபோகிற மோட்டார் சைக்கிள் வரை எல்லாம் இந்தக் காலத்தது. மொடல் ரயில் கிளப்பில் ஆளுக்கொரு பலகை. அவரவர் வீட்டில் செய்து கொண்டுவந்து ஒன்றோடொன்று பூட்டுவது வழக்கம். கொள்ளுப்பிட்டிக் கடலோர வளைவு ஒஸ்வால்டுடையது. அதற்கு அடுத்தது பர்ஹாவின் கொம்பனித்தெரு.

கிளப்பைத் தொடக்கியவர் கொட்டாஞ்சேனை ஒஸ்வால்ட். பிழையான பலகைக்குக் கண்காட்சியில் இடமில்லை என்று சட்டம் போட்டவரும் அவரே. பர்ஹாவுக்கு இது முதல் கண்காட்சி.

"தம்பி, இன்னொருக்கா விடு," என்றார்.

செயலாளர் றேமண்ட் விட்டான். ரயில் கடலோர வளைவில் அழகாகத் திரும்பியது. கொம்பனித்தெருவுக்குள் நுழைந்தது. கொத்துரொட்டிக் கடைக்கு முன்னால் சரிந்து படுத்தது.

"மத்தப் பக்கத்தால வந்தா விழுற இல்ல, அங்கிள்," என்றாள் பர்ஹா.

"அப்ப நாளைக்கு வாற சனத்திட்ட, ஒரு பக்கத்தால வாற ரயிலை மட்டும் பாருங்கோ எண்டு சொல்லவா?"

கொஞ்சம் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாமே என்றான் றேமண்ட். அதற்குப் பேசாமல் நூல் கட்டி இழுக்கலாம் என்றார் ஒஸ்வால்ட்.

பர்ஹாவின் தண்டவாளத்தை நகத்தால் தடவினார். முழங்காலில் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார். மட்டம் வைத்தார். ஒரு பிழையும் பிடிபடவில்லை. அது எரிச்சலை இன்னும் கூட்டியது.

"விழுற இடத்திலதானே பிழை இருக்கும். பலகையைக் கழற்று."

றேமண்ட் அவரை ஒரு ஓரமாகக் கூட்டிப்போனான். அந்தப் பலகையில் இருக்கிற வரிசை வீடுகளில் ஒன்று பர்ஹாவின் உம்மா இருக்கிற வீடு. சுற்றிவர எல்லாம் மாடியாகிவிட்டது. இதுவும் இன்னும் கொஞ்ச நாளில் இடிபட்டுப் போய்விடும். பிள்ளை செய்த வீட்டைப் பார்க்கவென்றே நாளைக்கு அந்த மனுசி வருகிறார். இதையெல்லாம் தணிந்த குரலில் சொன்னான்.

ஒஸ்வால்டின் குரலுக்குத் தணியத் தெரியாது. "அதுக்கு நான் என்ன செய்ய? உம்மா வாறா எண்டதுக்காக ரயில் விழாம ஓடுமா?"

பர்ஹா கேட்டுக்கொண்டுதான் நின்றாள். ஒஸ்வால்டின் வளைவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு சொல்லாமலே தன் பலகையின் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினாள்.

பலகையை றேமண்ட் காரில் ஏற்றிக்கொண்டு போனான். அந்த இடைவெளிக்கு ஒரு வெறும் பலகையைப் பூட்டி ஓட்டிப் பார்த்துவிட்டுப் போகும்படி பர்ஹாவிடமே சொல்லிவிட்டு, ஒஸ்வால்ட் பஸ் பிடிக்கப் போனார்.

மறுநாள் ரயில் விழவேயில்லை.

ஒஸ்வால்டுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒரு பலகை பிழை, தயவு தாட்சண்யம் பார்க்காமல் தூக்கிப்போட்டேன், இப்போது பாருங்கள் என்று வந்தவர் போனவருக்கெல்லாம் சொன்னார்.

மத்தியானம் பர்ஹாவின் உம்மா வந்தார். மேசை நெடுகக் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தார்.

"எங்கட வீடு எங்க மகள்?"

"முடிக்க நேரம் பத்தல்ல உம்மா. என்ட பிழைதான்."

தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ஒஸ்வால்டின் காதில் அது விழுந்தது. கோப்பையை வைத்துவிட்டு றேமண்டைக் கூப்பிட்டார்.

"அந்தப் பலகையைக் கொண்டா. ஒரே ஒரு தரம் விடுவம். விழுந்தா நான் தூக்கி வைக்கிறன்."

பூட்டினார்கள். ஒஸ்வால்ட் ரயிலுக்குப் பக்கத்திலேயே கையை நீட்டிக்கொண்டு நடந்தார். அது வளைவில் திரும்பி, கொம்பனித்தெருவுக்குள் நுழைந்து, கொத்துரொட்டிக் கடையைத் தாண்டி, உம்மாவின் வீட்டையும் தாண்டி, தன்பாட்டில் போய்விட்டது.

நீட்டிய கை நீட்டியபடி நின்றது.

"எப்ப திருத்தினது இதை?" என்று றேமண்டிடம் பாய்ந்தார்.

"இதில ஆரும் கை வைக்கல்ல அங்கிள். நேத்துத் தொடக்கம் என்ட கார் டிக்கியிலதான் கிடந்தது."

ஒஸ்வால்ட் ரயில் வந்த வழியே பின்னால் நடந்து, தன் வளைவு முடிகிற இடத்தில் குனிந்தார். துருநிறம் பூசி வைத்திருந்த மூட்டில் புது ஈயம் பளபளத்தது. கோணலாக நின்ற தண்டவாளத்தை யாரோ நிமிர்த்தி ஒட்டியிருந்தார்கள். சக்கரம் தடம் விட்டது இங்கே. விழுந்ததுதான் அடுத்த பலகையில். இதைத் திருத்தாமல் எந்தப் பலகையை மாற்றியிருந்தாலும், இன்றைக்கு இத்தனை சனத்துக்கு முன்னால் விழுந்தே இருக்கும்.

அந்தப் பக்கம் உம்மா தன் வீட்டு வாசலை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் வந்துபோன ஒருவர் தன் கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். "அங்கிள், காலமை சொன்னீங்களே, ஒரு பிழையான பலகை எண்டு. அது எது?"

றேமண்ட் தலையைத் திருப்பிக்கொண்டான்.

ஒஸ்வால்ட் கொள்ளுப்பிட்டி வளைவின் மேல் கையை வைத்தார்.

"இதுதான், தம்பி. என்ட பலகை. திருத்தினது, அந்தா நிக்கிறா, பர்ஹா."