ஓட்டத் தெரியாத டிரைவர்

"டிரைவிங் ஸ்கூல் பக்கமே போகாம லாரி லைசென்ஸா? நெஜமாவா முதலாளி?"

அந்த லாரி ஷெட்டில் வருஷக்கணக்காக மூட்டை தூக்கியவனுக்கு நம்பவே முடியவில்லை.

"ஆபீசர் நம்ம ஆளுடா. போய் போட்டோ மட்டும் எடுத்துட்டு வா."

ஆர்.டி.ஓ. ஆபீசில் அதிகாரி அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பல்லைக் குத்திக்கொண்டே, "வண்டி பிரமாதமா ஓட்டினாருன்னு எழுதிக்கோ" என்றார் உதவியாளரிடம். வண்டியே அங்கே இல்லை. அவன் அதைச் சொல்ல வாயெடுத்தான். டிரைவர் பொண்டாட்டி ஆகப்போகிற பூரிப்பில் வீட்டில் காத்திருக்கும் மனைவியை நினைத்து வாயை மூடிக்கொண்டான்.

அன்று மாலையே லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது.

"முதலாளி, கொஞ்ச நாள் பெரிய டிரைவர்கூடப் போய் ஓட்டக் கத்துக்கிறேன்."

"நீ ஓட்டவே வேணாம்டா."

முதலாளி எழுந்து அறைக் கதவைச் சாத்தினார்.

"நேத்து என் பையன் லாரியை எடுத்துட்டுப் போய், சைக்கிள்ல வந்த ஒரு அம்மாவ அடிச்சுட்டான். அவங்க போய்ச் சேர்ந்துட்டாங்க. ஓட்டினது நீதான்னு ஸ்டேஷன்ல சொல்லிடு. லைசென்ஸ்ல போன மாசத் தேதிதான் போட்டிருக்கு. உன் குடும்பத்தை நான் பார்த்துக்கிறேன்."

லைசென்ஸைப் பிடித்திருந்த கையே நாறுவது போலிருந்தது அவனுக்கு.

"வாங்க முதலாளி, ஸ்டேஷனுக்கே போவோம். லாரியை ஓட்டிக் காட்டச் சொல்லட்டும். கிளட்ச் எது, பிரேக் எதுன்னே தெரியாத எனக்கு இதை யாரு குடுத்தாங்கன்னு அப்புறம் அவங்களே கேப்பாங்க."

முதலாளி திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அவன் மட்டும் கதவைத் திறந்துகொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தான்.