முப்பத்தேழாவது கேள்வி

"மறுபடியும் ஃபெயில் போட்டுட்டா அந்தப் பொண்ணு!"

சாப்பாட்டுப் பையை மேஜைமேல் வைத்துவிட்டு டிரைவர் நாற்காலியில் சரிந்தார்.

அவர் மனைவி தையல் மெஷினை நிறுத்தினாள். "எத்தனை மார்க்?"

"ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது."

"நாற்பத்தொன்பது வாங்கினா ஃபெயிலா? இது எந்த ஊர் நியாயம்?"

"முப்பத்தேழாவது கேள்வி தப்பாம். அது தப்பானா மத்தது எல்லாம் கணக்கிலேயே வராதாம். போன தடவையும் அதுலதான் மாட்டிவிட்டா."

"அப்படி என்ன கேள்வி?"

"விடு, அதைச் சொன்னா எனக்கு இன்னும்தான் எரியும்." முகம் கழுவப் போய்விட்டார்.

இருபத்தாறு வருஷம் டீசல் ரயில் ஓட்டியவர். இந்தப் பாதைக்கு ஹைட்ரஜன் ரயில் வரப்போகிறது என்றதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். எந்தெந்த நாட்டிலோ ஓடுகிற ரயில்களின் வீடியோவை எல்லாம் தேடித் தேடி மனைவிக்குக் காட்டுவார்.

"பாரு, புகையே கிடையாது. தண்ணிதான் சொட்டும். இனிமே என் சட்டைக் காலரைப் போட்டு நீ பிரஷ்ஷால தேய்க்க வேண்டாம்."

முதல் ஓட்டம் திங்கட்கிழமை. இவரை விட்டால் வேறு யார் ஓட்டுவது என்று டிப்போ முழுக்கப் பேச்சு. இப்போது பரீட்சையே பாஸாகவில்லை.

சாயங்காலம் ரயில் கார்டு போன் செய்தார். இவரோடு பல வருஷம் ஒரே ரயிலில் வேலை பார்த்தவர்.

"அண்ணி, அந்தப் பயிற்சியாளருக்கு முப்பது வயசுகூட இல்லை. வெளிநாட்டுல படிச்சுட்டு வந்த தலைக்கனம். சீனியரை மட்டம் தட்டறதுல ஒரு சந்தோஷம். யாராவது போய் நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டாத்தான் சரிப்படும்."

மறுநாள் காலை மனைவியே கிளம்பிவிட்டாள். கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக்கூடக் கழற்றவில்லை. "வேண்டாம், அசிங்கம்" என்று சொல்லிக்கொண்டே பின்னால் வந்த டிரைவர், பயிற்சிப் பள்ளியின் கேட்டோடு நின்றுகொண்டார்.

பயிற்சியாளர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உட்காருங்கம்மா."

"உட்கார வரலை. அவர் உனக்கு என்ன கெடுதல் பண்ணினார்? நீ ஸ்கூல் பை தூக்கறதுக்கு முன்னாடியே இஞ்சின்ல ஏறினவர். ஒரு மார்க்குக்காக ரெண்டு தடவை தலைகுனிய வைப்பியா?"

பயிற்சியாளர் மேஜையில் கிடந்த ஒரு தாளை நகர்த்திக் காட்டினாள்.

"மேலிடத்துலேர்ந்து நேத்தே ஆர்டர் வந்துடுச்சு. கருணை மார்க் போட்டு பாஸ் பண்ணச் சொல்றாங்க. நான் கையெழுத்துப் போட்டா முடிஞ்சது."

"அப்புறம் என்ன? போட வேண்டியதுதானே!"

"போடறேன். அதுக்கு முன்னாடி இதை மட்டும் படிச்சுடுங்க." விடைத்தாளைப் பிரித்து வைத்தாள்.

முப்பத்தேழாவது கேள்வி: 'வாயுக் கசிவு அலாரம் அடிக்கிறது. வரிசையாக என்ன செய்வீர்கள்?'

கீழே அவருடைய குண்டு குண்டான கையெழுத்து.

'ரயிலை நிறுத்துவேன். அவசர சுவிட்சை அழுத்துவேன். பயணிகள் எல்லாரையும் இறக்கித் தூரமாக அனுப்புவேன். கசிவு நிற்கும்வரை நான் இறங்க மாட்டேன்.'

கடைசி வரியின் கீழே சிவப்புக் கோடு.

"சுவிட்சை அழுத்தினதும் வால்வெல்லாம் தானா மூடிக்கும்மா. வெளியே வந்த வாயு மேலே போய்க் காத்துல கலைஞ்சுடும். நல்ல ரயில் இது, தன்னைத் தானே பார்த்துக்கும். உள்ளே ஆளுக்கு வேலையே இல்லை. பயணிகளோட சேர்ந்து டிரைவரும் இறங்கிடணும், அவ்வளவுதான். எத்தனையோ தடவை சொல்லியாச்சு. 'டிரைவர் எப்படிம்மா ரயிலை விட்டுட்டு ஓடுவான்'னு என்னையே திருப்பிக் கேட்கறார்."

டிரைவரின் மனைவி அந்தக் கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் டீசல் இஞ்சின் தீப்பிடித்தபோதும் அவர் இறங்கவில்லை. புகைக்குள் நின்று பெட்டிகளைக் கழற்றிவிட்டார். ஊரே கைதட்டியது. மெடல் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் இருபத்துமூன்று நாள் உட்கார்ந்திருந்தது மட்டும் இவள் ஒருத்திதான்.

"இந்த ஒரு வரியை அவர் மாத்தி எழுதினா மத்ததுக்கெல்லாம் நான் கேள்வியே கேட்க மாட்டேன்" என்றாள் பயிற்சியாளர். "சனிக்கிழமை இன்னொரு பரீட்சை இருக்கு. ஆனா மேலிடத்துல அதுவரைக்கும் பொறுக்க மாட்டேங்கறாங்க. நீங்களும் நேர்ல வந்து கேட்கறீங்க." பேனாவின் மூடியைத் திறந்தாள். "சொல்லுங்கம்மா, போட்டுடட்டுமா?"

கேட்டுக்கு வெளியே டிரைவர் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். மனைவி வருவதைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"என்ன சொன்னா? சண்டை போட்டியா?"

"போட்டேன்."

"கருணை மார்க் தரச் சொல்லி ஆர்டர் வந்திருக்காமே? கார்டு இப்பத்தான் போன் பண்ணிச் சொன்னான். கையெழுத்துப் போட்டாளா, இல்லையா?"

"போடத்தான் பேனாவைத் திறந்தா."

"அப்புறம் என்ன ஆச்சு? வாயைத் திறந்து சொல்லேன்!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்தாள்.

"அந்த ஆர்டரை நான்தான் கிழிச்சுப் போட்டேன். 'நானும் இறங்கிடுவேன்'னு நீங்க எழுதற வரைக்கும் எத்தனை தடவை வேணும்னாலும் ஃபெயில் போடும்மான்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."