பெயர் எழுத வேண்டாத கேள்வித்தாள்

"யாருதும்மா இது?" என்று அந்தக் கேள்வித்தாளை மேஜைமேல் விசிறியடித்தார் தட்சிணாமூர்த்தி சார்.

கோகிலவாணி அதைத் தொடவில்லை. அவருடைய முழங்கைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்த தன் ஆய்வேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைடு என்ற இடத்தில் அவர் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். இன்றைக்குள் போட்டால்தான் முனைவர் பட்டத்துக்கு அனுப்ப முடியும். ஆறு வருஷம். இந்தக் கடன்காரனிடம் ஆறு வருஷம்!

மேலதிகாரியிடம் உண்மை பேச மனிதர்கள் ஏன் பயப்படுகிறார்கள் என்பது சாருடைய புது ஆராய்ச்சி. அதற்காகத் துறையிலிருந்த பதினொரு ஆராய்ச்சி மாணவர்களுக்கும் கேள்வித்தாள் கொடுத்தார். பெயர் எழுத வேண்டாம், மனசில் இருப்பதைக் கொட்டுங்கள் என்று தேனொழுகப் பேசினார்.

பதினொருவரில் ஒருவர் நிஜமாகவே கொட்டிவிட்டார். இரும்புலியூரில் சார் வீட்டு கேஸ் சிலிண்டருக்குக் காத்துக் கிடப்பதும், சாரின் மாமியாரைத் தாம்பரம் ஸ்டேஷனில் ரயிலேற்றிவிடுவதும் சமூக உளவியலில் எந்தப் பாடத்தில் வருகிறது என்று அந்தத் தாளில் கேட்டிருந்தது.

அத்தனை பேரும் செய்த வேலைதான். அதனால் ஆளைப் பிடிக்க முடியாமல் மனுஷன் இரண்டு நாளாகக் கொதித்துக்கொண்டிருந்தார்.

இப்போது தாளை மறுபடி எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தார். எழுத்தெல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. வரிக்கு வரி கை பட்டு மை இழுபட்டிருந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

துறையில் இடது கையால் எழுதுகிறவள் ஒரே ஒருத்தி. பியூலா. ஊரப்பாக்கத்தில் கோகிலவாணியோடு ஒரே அறையில் தங்கியிருப்பவள்.

பியூலாதானே என்று கேட்டார் சார். கேட்டுக்கொண்டே ஆய்வேட்டை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டார்.

கோகிலவாணியின் கண் அதன் பின்னாலேயே போனது. பாழாய்ப்போன தலை ஆமாம் என்று ஆடியது.

சார் கையெழுத்துப் போட்டார். மாதாமாதம் உதவித்தொகைக்கு என்னிடம்தானே அவள் காகிதத்தை நீட்ட வேண்டும், நீட்டட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்று சிரித்தார்.

வராந்தாவில் பியூலா காத்திருந்தாள். "போட்டுட்டாராடி?" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

யாரும் தன்னைக் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்றுதான் கோகிலவாணி அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு மணி நேரம் கஷ்டப்பட்டு, இடது கையால் எழுதினாள். அப்போது பியூலாவின் நினைப்பே அவளுக்கு வரவில்லை. சத்தியமாக வரவில்லை.