ஞாபகம் வரட்டும்

"இன்னிக்கு ஒரு நாள் அந்தப் பெட்டியைப் போடாம விட்டாத்தான் என்ன, நோலீன்?"

கேட்டது பெவ், நோலீனின் கணவர் கிளைவின் அக்கா. நோலீன் கிளைவை ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைத்துப் பெட்டியின் பொத்தானை அழுத்தினாள். தூரத்துப் பண்ணையில் பால் கறக்கும் இயந்திரம் ஓடுவதுபோல ஓர் உறுமல் அறையை நிறைத்தது.

விநாடிக்கு நாற்பது முறை துடிக்கும் ஒலி. தினமும் ஒரு மணி நேரம் இதைக் கேட்டால், மறதி நோயில் தளர்ந்த மூளை கொஞ்சமாவது விழித்துக்கொள்ளுமா என்று லான்செஸ்டன் நகரில் ஒரு மருத்துவக் குழு ஆராய்ந்துகொண்டிருந்தது. பலன் இருக்கும் என்று வாக்குத் தர முடியாது என டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். நோலீன்தான் கெஞ்சிக் கேட்டு அதில் கிளைவைச் சேர்த்திருந்தாள்.

பால் லாரி ஓட்டி வடக்கு டாஸ்மேனியா முழுக்கச் சுற்றியவர் கிளைவ். இப்போது வீட்டுக்குள்ளேயே குளியலறைக்கு வழி கேட்டார். ஆனாலும் முகத்தில் எந்நேரமும் சிரிப்பு. நோலீனின் பெயர் நினைவில்லாமல் 'கண்ணு' என்றே கூப்பிடுவார். கடைக்குப் போனால் அவள் கையை விடமாட்டார்.

ஒலியாலோ வேறு எதனாலோ, குளிர்காலம் தொடங்குவதற்குள் சில மாற்றங்கள் தெரிந்தன. டீக்கு அவரே தண்ணீர் கொதிக்கவைத்தார். எப்போதோ செத்துப்போன நாயின் பெயரைச் சொன்னார். ஒருநாள் பெவ்வைச் சின்ன வயதுப் பட்டப்பெயரால் கூப்பிட்டுக் கேலி செய்தார். ஒவ்வொரு முறையும் நோலீன் துணி எடுக்கும் சாக்கில் கொல்லைக்குப் போய், கொஞ்ச நேரம் தனியாக நின்றுவிட்டு வந்தாள்.

பெவ்வுக்குத்தான் இதில் சந்தோஷமில்லை.

"சிரிச்ச முகமா இருக்கான். நீயும் எத்தனையோ வருஷத்துக்கப்புறம் இப்பதான் நல்லா இருக்க. எல்லாம் ஞாபகம் வந்து யாருக்கு என்ன ஆகப்போகுது?"

"அது அவனோட மூளை, பெவ். நமக்கு வசதியா இருக்குன்னு அவனை இருட்டுலயே உக்காரவைக்கச் சொல்றியா?"



ஒரு மணி நேரம் முடிந்து பெட்டி ஓய்ந்தது. நோலீன் டீயும், வெஜிமைட் என்ற உப்புக் கரிக்கும் பசை தடவிய ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். கிளைவ் அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நோலீன்," என்றார்.

பெவ் எழுந்து நின்றுவிட்டாள். நோலீன் மெல்ல அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"சொல்லு, கிளைவ்."

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. சாய்ந்திருந்தவர், முன்பின் தெரியாத வீட்டுக்கு வந்த விருந்தாளியைப்போல நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்.

"நான் எப்படி இங்க வந்தேன்? உன்னை விட்டுட்டு ஷெரிலோட போயி எட்டு வருஷமாச்சே?"

போன குளிர்காலத்தில் ஷெரில் கைகழுவிவிட, பிரிந்துபோனதையே மறந்து, வேலை முடிந்து வருபவரைப்போலப் பின்கதவைத் திறந்து உள்ளே வந்து சாப்பாடு கேட்டவரிடம், நோலீன் அதை ஒருநாளும் சொன்னதில்லை.