மூன்றாம் முறை கட்டிய சுவர்

"கோணலா இருக்கே கொத்தனாரே. பிரிச்சுக் கட்டிடுங்க."

வீட்டுக்காரம்மா இதைச் சொல்வது மூன்றாவது தடவை.

"சரிங்கம்மா" என்று தலையைக் குனிந்தபடியே சொன்னார் கொத்தனார். அந்தம்மா உள்ளே போனதும் தூக்குக்குண்டை மேலிருந்து இறக்கிப் பார்த்தார். நூலுக்கும் சுவருக்கும் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரே இடைவெளி. ரசமட்டத்தை வைத்தார். குமிழி நட்டநடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

குண்டு பொய் சொல்லாது. குமிழியும் சொல்லாது. பார்க்கிற கண் சொல்லலாம்.

வலது கண் அவருடையது இல்லை. சுண்ணாம்பு தெறித்து, ஆறு வருடம் வெந்த முட்டை மாதிரி கிடந்த கண் அது. ஒற்றைக்கண்ணனை நம்பி யாரும் சாரத்தில் ஏற்றவில்லை. கரண்டி பிடித்த கையால் மண் சுமந்தார். நாலு மாதத்துக்கு முன்னால்தான், செத்துப்போன யாரோ ஒருவரின் கருவிழியை எடுத்து வைத்துத் தைத்தார்கள். யாரென்று கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். ஆஸ்பத்திரியில் மூச்சுவிடவில்லை.

மறுபடி கரண்டி பிடித்த முதல் வேலை இது. இதிலும் கோணல் என்று பேர் வாங்கினால் மறுபடி மண்சட்டிதான்.

இத்தனைக்கும் பத்தடிச் சுவர். தோட்டத்து நடுவில் சும்மா நிற்கிற சுவர். எதை மறைக்க, எதைத் தடுக்க என்று கட்டச் சொன்னவருக்கே தெரியாது போலிருந்தது.

கலவை குழைத்துக்கொண்டிருந்த அவர் மனைவிக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருந்தது.

"அந்தம்மாவுக்குச் சுவரு பிடிக்காம இல்லய்யா. உன்ன அனுப்ப மனசு வரல. தெனமும் முன்னாடி வந்து வந்து நிக்குது. மனுசங்க மூஞ்சியப் பாத்துப் பேசினா உன் கற்பு போயிடுமா?"

வேலை செய்யும் வீட்டில் பெண்களின் முகத்தைப் பார்க்காமல் பேசுவது அவர் வழக்கம். ஊரில் இதற்காக நல்ல பேர் உண்டு. வீட்டில் கிண்டல்தான்.

அவள் மணல் அள்ளத் தெருவுக்குப் போனாள். கொத்தனார் கரண்டியைக் கழுவிக் கவிழ்த்துவைத்தார். வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டு, அந்தம்மாவின் செருப்பைப் பார்த்துச் சொன்னார்.

"வேற ஆளப் பாத்துக்குங்கம்மா. எனக்கு நேராத்தான் தெரியுது. அப்ப கோளாறு என் கண்ணுலதான். ஒட்டுப்போட்ட கண்ணு."

செருப்பு ஒரு அடி முன்னால் வந்தது.

"சுவரு நேராத்தான் இருக்கு. மொதத் தடவையே நேராத்தான் இருந்துச்சு."

"அப்புறம் ஏம்மா இடிக்கச் சொன்னீங்க?"

"முடிஞ்சா நீங்க போயிடுவீங்களே."

கொத்தனாருக்குக் காது சூடேறியது. பொண்டாட்டி சொன்னது நிஜம்தானோ என்று தெருப்பக்கம் பார்த்தார்.

"ஆஸ்பத்திரியில என் தங்கச்சி வேலை பாக்கறா. கண்ண யாருக்கு வச்சாங்கன்னு சொல்லக்கூடாதுதான். நான்தான் அழுது வாங்கினேன்." அந்தம்மா மூச்சை இழுத்துவிட்டார். "வலது கண்ணுதானே?"

கொத்தனார் தலையாட்டினார்.

"என் வீட்டுக்காரரு இருபத்தாறு வருஷம் கூட இருந்தாரு. நல்ல மனுஷன், குத்தம் சொல்லல. சாப்பிடும்போது பேப்பரு, சாப்பிட்டா டிவி. ஒருநாள் முடியக் குட்டையா வெட்டிக்கிட்டு வந்து எதிர்ல நின்னேன். மழை வருமான்னு கேட்டாரு." அந்தம்மா சிரித்தார். "இங்க பதினோரு நாளா வந்து நிக்கறேன். நீங்களும் பாக்க மாட்டேங்கறீங்க. அந்தக் கண்ணுக்கே என்னைப் பாத்துப் பழக்கமில்ல போலிருக்கு."

சிரிப்பு பாதியில் உடைந்தது.

கொத்தனார் நிமிர்ந்தார்.

இரண்டு கண்ணாலும் பார்ப்பது அவருக்குச் சரியாகப் படவில்லை. ஒன்று அந்நிய ஆம்பளையின் கண். அதாவது, தன்னுடையது.

இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

பின்னால் மணல் சட்டி தொப்பென்று விழுந்தது.

"யோவ்!"

அவர் திரும்பவில்லை. வீட்டுக்காரம்மா இன்னும் போதும் என்று சொல்லவில்லை.