ஒரே அண்டாவில்

லமிசி வலப்பக்கமாகக் கடைந்தாள். அகோல்போகா இடப்பக்கமாகக் கடைந்தாள். நடுவில் மாட்டிக்கொண்ட ஷியாக் கொட்டை விழுது போக்கிடம் தெரியாமல் இருவர் முகத்திலும் தெறித்தது.

கொட்டகையிலிருந்த பெண்கள் சிரிப்பை அடக்கப் பார்த்தார்கள். முடியவில்லை.

இருவரும் அவின்பிலா என்ற ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். அகோல்போகா மூத்தவள். போன அறுவடையிலிருந்து லமிசி அவளிடம் பேசுவதில்லை. ஏனென்று அகோல்போகாவே கேட்டும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஷியா வெண்ணெய் எடுத்துப்போக போல்கா நகரிலிருந்து லாரி வருகிறது. குழுத் தலைவி தெனி ஜோடி பிரித்தபோது மிஞ்சியது ஓர் அண்டாவும் இந்த இருவரும்தான். ஒருத்தி கையால் அத்தனை விழுதைக் கடைந்துவிட முடியாது. பாதியில் விட்டால் வெண்ணெய் திரளாது. பொறுக்கியது, வறுத்தது, அரைத்தது எல்லாம் பாழ்.

தெனி பாட்டை எடுத்தாள். புருஷன்மாரைக் கிண்டல் செய்யும் பாட்டு. ஆளுக்கு ஓரடி சேர்க்க வேண்டும். ஒருத்தியின் புருஷன் காணாமல்போன ஆட்டைத் தேடிப் போய், மச்சான் வீட்டில் அதையே விருந்தாகத் தின்றுவிட்டுத் திரும்பினான். இன்னொருத்தியின் புருஷன் பாம்பென்று அலறி அடித்துத் துவைத்தது அவளுடைய இடுப்புத் துணியை.

இவர்கள் முறை வந்தது. லமிசி வாயைத் திறக்கவில்லை.

அகோல்போகாவும் பாடவில்லை. குறட்டை விட்டாள்.

அச்சு அசல் அவின்பிலாவின் குறட்டை. மேலே மேலே ஏறி, உச்சியில் சட்டென்று நின்று, பயமுறுத்தி, பிறகு விசிலோடு இறங்குகிற அதே குறட்டை.

லமிசிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயை மூடினால் மூக்கு வழியாக வந்தது. நடுவில் பல்லைக் கடிப்பாரே, அதை விட்டுவிட்டாயே என்று சொல்லியும்விட்டாள். பேசிவிட்டோம் என்பது பிறகுதான் உறைத்தது. அதற்கும் சிரிப்பு வந்தது.

நான்கு கைகளும் எப்போது ஒரே பக்கம் சுற்றத் தொடங்கின என்று தெரியவில்லை. விழுதின் பழுப்பு வெளிறத் தொடங்கியது.

சிரிப்போடு சிரிப்பாக, கேட்கவே கூடாதென்று வைத்திருந்ததை லமிசி கேட்டுவிட்டாள்.

"சாகறப்ப யாரக் கூப்பிட்டாருக்கா?"

பாட்டு நின்றது. அகோல்போகாவின் கைகள் மட்டும் நிற்கவில்லை.

"உன்னையும் இல்ல, என்னையும் இல்லடி. கழுதைக்குத் தண்ணி காட்டினியான்னு கேட்டாரு. அதோட கண்ண மூடிட்டாரு."

கொட்டகையே வெடித்தது. தெனி சிரிப்பு தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். லமிசி அண்டாவின் விளிம்பில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணீர் கன்னத்து விழுதைக் கரைத்துக்கொண்டு ஓடியது. அண்டாவில் வெண்ணெய் வெள்ளை வெளேரென்று திரண்டு பொங்கியதை யாரும் கவனிக்கவில்லை.

லமிசி அதில் ஒரு கை வழித்து அகோல்போகாவின் மூக்கில் அப்பினாள். அவளும் சும்மா விடவில்லை.

போன அறுவடையில் அவின்பிலா கண்ணை மூடிய அன்று, நர்ஸைக் கூப்பிடப் போன லமிசி எல்லோரும் நினைத்ததைவிடச் சீக்கிரமே திரும்பியிருந்தாள். வாசலில் தொங்கிய பாய்க்கு வெளியே அவள் நின்று கேட்டது யாருக்கும் தெரியாது.

அவின்பிலா கூப்பிட்டது அகோல்போகாவை.