ஹென்ஷாவின் அரபி

துபாய் தேராவில் மசாலாக் கடை வைத்திருக்கும் கௌஸ் முகைதீனிடம், நல்ல ஏலக்காய் இருக்கிறதா என்று ஹென்ஷா இரண்டாம் முறையும் அரபியில் கேட்டார்.

காயல்பட்டினத்துக்காரரான கௌஸ் முகைதீன், கூட வந்திருந்த டிரைவர் யேசுராஜைப் பார்த்தார்.

“தொரை என்ன கேக்காரு? அரபி நமக்கு ஓதத்தான் தெரியும், பேச வராது.”

யேசுராஜ் கையை விரித்தான். ஹென்ஷா விரலால் மூட்டையைக் காட்டி வாங்கிக்கொண்டார்.

பிரிட்டிஷ் தூதரகத்தில் பெரிய அதிகாரி அவர். அரசாங்கம் இரண்டு வருஷம் உட்கார வைத்து அரபி கற்றுக்கொடுத்திருந்தது. பிறகு மஸ்கட், குவைத், துபாய் என்று முப்பத்தோரு வருஷம். அன்றோடு ஓய்வு. விமானம் ஏறுவதற்குள் யாரிடமாவது நாலு வார்த்தை அரபி பேசிவிட வேண்டும் என்று மனிதருக்கு ஆசை.

முடிவெட்டுகிறவர் மலையாளத்தில் பதில் சொன்னார். படகோட்டி வங்காளி, இந்தியில் அவசரப்படுத்தினார்.

படகுத்துறையில் வெள்ளைக் கந்தூரா அங்கி அணிந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஹென்ஷாவின் முகம் மலர்ந்தது. அருகில் போய், அவர் நலம், பிள்ளைகள் நலம், ஒட்டகங்களின் நலம் என்று முறைப்படி விசாரித்தார்.

பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் பேசினார். இங்கிலாந்தில், லீட்ஸில் படித்தவராம். அங்கே இப்போது மழையா என்று கேட்டார்.

விமான நிலையம் போகும் வழியில், ஹென்ஷா பின் சீட்டிலிருந்து மெல்ல அரபியில் பேசினார். ஒரு மொழிக்கு ஆயுளையே கொடுத்தேன், அதில் ஒரு பதில் சொல்ல இந்த ஊரில் ஆளில்லையே என்றார்.

பதில் யேசுராஜின் நாக்கு நுனிவரை வந்தது.

ராஸ் அல் கைமாவில் ஒன்பது வருஷம் ஒரு அரபியின் மீன்பிடிப் படகில் இருந்தவன். சண்டை போட்டதும் அரபியில்தான், காய்ச்சலில் பிதற்றியதும் அரபியில்தான். ஆனால் பின் சீட்டில் பேசுவது டிரைவருக்குப் புரியக் கூடாது என்பது இந்த வேலையின் முதல் நிபந்தனை. அரபி தெரியாது என்று கையெழுத்துப் போட்டுப் பதினோரு வருஷமாகிறது. மகள் டெல்சி நர்சிங் இரண்டாம் வருஷம். திங்கட்கிழமை புது அதிகாரி வருகிறார்.

பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் இருவர் கண்களும் சந்தித்தன.

“நோ அராபிக், சார்,” என்றான் யேசுராஜ்.